அறுபத்தொன்பதில் நிற்க வேண்டிய முள்

கடைக்குக் கிளம்பும் முன் லாண்டரிக்காரர் வழக்கம்போலப் பெட்டியின் முன்னால் குனிந்தார். மூடியில் பதித்திருந்த வட்டக் கண்ணாடிக்குள் முள் அறுபத்து நான்கில் நின்றது. கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். முள் அசைந்து கொடுக்கவில்லை. போன வாரம் அது அறுபத்தொன்பதில் இருந்தது. போன வாரம் என்ன, பதினொரு வருஷமாக அங்கேதான் இருந்தது. வெயில் கொளுத்தினாலும் மழை ஊற்றினாலும் முள்ளை அந்த இடத்திலேயே பிடித்து நிறுத்தி வைத்தது அவருடைய கை. எவனெவனோ எதை எதையோ சாதித்துவிட்டு மார்தட்டிக்கொள்கிறான். அவருக்கென்று இருந்தது இந்த ஒரு சாதனைதான், அதையும் வெளியே சொல்லிக்கொள்ள வழியில்லை.

பெட்டிக்குள் இருந்தவை சுருட்டுகள். தேவதாரு மரத்தில் செய்து, இரண்டு தட்டு வைத்த பெட்டி. மேல்தட்டில் புதுசு, கீழ்த்தட்டில் பழசு. சுருட்டு என்பது என்ன, சுருட்டிய இலை. ஈரம் ஏறினால் பூசணம் பூத்துவிடும், இறங்கினால் சருகாக நொறுங்கும். இரண்டுக்கும் நடுவே, மூடியிலுள்ள ஈரமானி அறுபத்தொன்பது காட்டும் இடத்தில் வருஷக்கணக்கில் வைத்திருந்தால் காரம் அடங்கி, இலைக்குள் ஒரு இனிப்பு ஊறும். அதற்காக மூலையில் ஒரு பஞ்சு டப்பி வைத்து, நீராவி இஸ்திரிப் பெட்டிக்காகக் கடையில் வாங்கி வைக்கும் காய்ச்சி வடித்த நீரிலிருந்து வாரம் ஒரு மூடி ஊற்றுவார். ஒவ்வொரு சுருட்டுக் கட்டிலும், வாடிக்கையாளர் துணிகளில் கட்டும் அதே சின்னத் துணிச்சீட்டைக் கட்டி, உள்ளே வைத்த தேதியை எழுதியிருப்பார். இரண்டு விரலால் ஒரு சுருட்டை மெல்ல அழுத்தி, அது மெத்தென்று உள்வாங்கித் திரும்ப எழும்புவதைப் பார்ப்பதில் அவருக்கிருந்த சுகம், அதைப் பற்றவைப்பதில்கூட இல்லை.

இந்தப் பழக்கத்தை மூட்டிவிட்டது வேறு யாருமல்ல, மனைவியின் தம்பி. கப்பலில் சமையல்காரன். பதினொரு வருஷத்துக்கு முன் முதல் பயணம் முடிந்து வந்தபோது அக்காவுக்கு ஒரு கைப்பையும் மாமாவுக்கு இந்தப் பெட்டியும் கொண்டுவந்தான். அக்கா பெட்டியை ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள். “உள்ள எலி எதுவும் செத்துக் கெடக்குதாடா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து அதற்கு எலிப்பெட்டி என்றே பெயர்.

அவள் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடைவீதியில் அவளை எல்லோரும் மூக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள். வாடிக்கையாளர் கோட்டை மேஜைமேல் போட்டதும் காலர்ப் பக்கம் ஒரு முறை குனிவாள். தலைத்தைலமா, சமையல் எண்ணெயா, மருந்தா, மதுவா எல்லாம் சொல்லிவிடுவாள். கறை எதென்று தெரிந்தால்தானே எதைப் போட்டு எடுப்பது என்று தெரியும். “சும்மா தூசிதாம்மா” என்று மழுப்பியவர்கள் அவள் முகத்தைப் பார்த்ததும் உண்மையைக் கக்கிவிடுவார்கள். இயந்திரம் எல்லா லாண்டரியிலும் இருக்கிறது, இந்த மூக்கு இவர்களிடம்தான் இருந்தது. அப்படிப்பட்ட மூக்கோடு குடும்பம் நடத்தும் ஒருவர் சுருட்டுப் பிடிப்பதென்றால் சட்டதிட்டம் இல்லாமலா? ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, வாரத்துக்கு ஒன்றே ஒன்று. பின்பக்க பால்கனியில், கதவைச் சாத்திக்கொண்டு, பழைய மழைக்கோட்டு போட்டுக்கொண்டு. முடிந்ததும் நேராகக் குளியலறை. “உங்க கையில ஒட்டினா ஊரார் சட்டையில ஒட்டும்” என்பாள். ஒருநாள் மட்டும் கொஞ்சம் ஏய்த்துப் பார்க்கலாம் என்று முழங்கைக்கு மேலே சோப்புப் போடாமல் வந்தார். திரும்பப் போய்க் குளிக்க வைத்தாள்.

நான்கு மாதத்துக்கு முன் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் போய்விட்டது, போகிற போக்கில் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சோப்பு, எலுமிச்சைத் தோல், காப்பித் தூள், நாலு நாள் போட்டுக் கசங்கிய சட்டை, எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். “அட்டையை மோந்து பாக்கற மாதிரி இருக்கு” என்றாள். டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். “வரும். வராமலும் போகலாம். தெனம் ரெண்டு வேளை எதையாவது மோந்து பாத்துக்கிட்டே இருங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

முதல் மாதம் அவள் கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். பழக்கத்தில் குனிவாள், பிறகு நிமிர்ந்து வாடிக்கையாளர் சொன்னதையே சீட்டில் எழுதிக்கொள்வாள். அப்போதுதான் வக்கீலின் கறுப்பு அங்கி வந்தது. தோளில் கறை. “டீ கொட்டிடுச்சு” என்றார் வக்கீல். வக்கீல் சொன்னதை நம்பலாமா? ஆனால் அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. சுடுநீரில் போட்டார்கள். அது அவர் வீட்டுக் கைக்குழந்தை கக்கிய பால். சூட்டில் நூலுக்குள் இறுகிப்போய், புழுக்கமான ஒரு மத்தியானம் நீதிமன்றத்தில் நீதிபதியின் மேஜை வரைக்கும் புளித்து நாறியதாம். வக்கீல் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னார். அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து, “மத்தியானத்துக்கு மேல வரேன்” என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். காலை வேளையில் அவர் மட்டும் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவரவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்த நாட்களில் அவர் ஒரு காரியம் செய்தார். ஒரு புதன்கிழமை சாயங்காலம், துணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும் வழியில் ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். புதன்கிழமை! மழைக்கோட்டு இல்லை, குளியல் இல்லை. புகை நாறும் சட்டையோடே வீட்டுக்குள் போய் அவள் பக்கத்தில் நின்றார். “கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்” என்றாள், அவ்வளவுதான். காவல்காரன் இல்லாத தோட்டத்தில் மாங்காய் அடித்ததுபோல அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சப்பென்று ஆனது மட்டுமல்ல, தன்மேலேயே ஒரு வெறுப்பு வந்தது. திட்டு வாங்காத இத்தனை நாளில் அவளுடைய அந்தக் குரல் எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்குப் பிறகு அவர் பிடிக்கவே இல்லை. பெட்டியைப் பார்த்துக்கொள்வதோடு சரி.

இப்போது அந்த முள்ளும் இறங்குகிறது.

அவர் சும்மா இருப்பாரா? முதலில் ஈரமானியையே சந்தேகப்பட்டார். ஒரு பாட்டில் மூடியில் உப்பை நனைத்து, மானியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி ஒருநாள் முழுக்க வைத்தார். சரியாக எழுபத்தைந்து காட்டியது. ஈர உப்புக்கு அப்படித்தான் காட்ட வேண்டும். பிறகு மூடியைச் சந்தேகப்பட்டார். விளிம்பில் காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பழைய கோட்டு ஒன்றின் கம்பளித் துணியை நாடா நாடாவாகக் கத்தரித்து நாலு பக்கமும் ஒட்டினார். கீலைக் கழற்றி மாட்டினார். மறுநாள் முள் அறுபத்தொன்றில் நின்றது. கப்பலுக்கு போன் போட்டார்.

“மாமா, பெட்டிக்கு வயசாயிடுச்சு போல. உங்களுக்கு ஆகலையா?” என்றான் மச்சினன்.

“விளையாடாத மாப்ள. கீழ்த்தட்டுல நீ குடுத்த முதல் கட்டுல இன்னும் ஆறு இருக்கு. அது காஞ்சு போச்சுன்னா பதினொரு வருஷம் போச்சு.”

“அதை எதுக்கு மாமா இன்னும் பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க?”

ஒரு நல்ல நாள் வரும், அன்றைக்கு என்று வைத்திருந்தார். எந்த நாள் என்று யோசித்ததில்லை.

வியாழக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். ஒரு கோட்டில் பித்தான் தைக்க வேண்டியிருந்தது, பித்தான் டப்பா வீட்டில். கடையைப் பக்கத்துச் சாவிக்கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இரண்டு தெரு நடந்து வீட்டுக்கு வந்தார். சின்ன அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பெட்டி. மூடி நிமிர்ந்து நின்றது. அவள் முகம் காது வரைக்கும் பெட்டிக்குள் இருந்தது. முதுகு ஏறி ஏறி இறங்கியது.

அவர் முதலில் பார்த்தது முள்ளைத்தான். ஐம்பத்தெட்டு. பிற்பாடு இதை நினைத்து அவர் பலமுறை வெட்கப்பட்டார்.

“என்னம்மா பண்றே?”

அவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். மூக்கு நுனியில் புகையிலைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. மூடியைச் சாத்தப் போனவள், இனிச் சாத்தி என்ன என்று விட்டுவிட்டாள்.

“எத்தனை நாளா?”

“பத்து நாளா. நீங்க கடைக்குப் போனதும் எடுப்பேன். ஒரு நாலஞ்சு தடவை இருக்கும்.”

“ஒரு நாளைக்கா?”

“ஒரு நாளைக்குத்தான்.” பெட்டியின் விளிம்பில் அவர் ஒட்டிய கம்பளி நாடாவை விரலால் தடவினாள். “நீங்க இதை ஒட்டிக்கிட்டு இருந்தீங்களே, அன்னிக்கே சொல்லிடலாம்னு பாத்தேன். வாய் வரல. பதினொரு வருஷமா எலிப்பெட்டின்னு திட்டிட்டு, இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?”

“மோந்தா என்ன வருது?”

“என்னன்னு தெரியலைங்க. வாசனையா நாத்தமா, அதுகூடத் தெரியல. சோப்புல ஒண்ணும் இல்ல, எலுமிச்சையில ஒண்ணும் இல்ல. இதுல மட்டும் ஏதோ இருக்கு. பக்கத்து ரூம்ல யாரோ பேசற மாதிரி. பேச்சு புரியல, ஆனா ஆள் இருக்காங்கன்னு தெரியுது.” மறுபடி ஒரு தடவை பெட்டிக்குள் குனிந்து இழுத்தாள். “இதுவும் இல்லாமப் போயிடுமோன்னு பயமா இருக்கு. அதான் போய்ப் போய்ப் பாத்துக்கறேன்.”

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அழுத்தினார். சரசரவென்றது. இந்தச் சத்தத்தைக் கேட்கக் கூடாது என்றுதான் பதினொரு வருஷம் பாடுபட்டார். கேட்ட பிறகு, நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“திறந்தே இருக்கட்டும். உனக்கு எப்ப வேணுமோ அப்ப எடு” என்றார்.

“காஞ்சு போயிடும்ல?”

“போகட்டும்.”

பித்தான் டப்பாவை மறந்துவிட்டுக் கடைக்குப் போய், மறுபடி ஒரு தடவை அதற்காக வந்தார். பெட்டி அன்றே கட்டில் தலைமாட்டுக்கு இடம் மாறியது. மானியைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். கண் முன்னால் இருந்தால் பார்க்கச் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, “ஒண்ணு கொளுத்துங்களேன்” என்றாள்.

அவருக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம். “என்னது?”

“கொளுத்துங்க. பச்சையா மோந்தாலே ஏதோ வருதுன்னா, புகைஞ்சா என்னன்னு பாக்கணும்.”

கீழ்த்தட்டிலிருந்து, முதல் கட்டில் மிச்சமிருந்த ஆறில் ஒன்றை எடுத்தார். துணிச்சீட்டில் மை மங்கியிருந்தது. மேலிலையில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. எச்சில் தொட்டு ஒட்டினார். பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும், “மழைக்கோட்டு எங்க?” என்று அதட்டினாள். மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டார். முனையை வெட்டி, தீயில் படாமல் தீக்கு மேலே காட்டித் திருப்பித் திருப்பிச் சூடேற்றி, நிதானமாகப் பற்றவைத்தார். காய்ந்த இலை மளமளவென்று பிடித்துக்கொண்டது. முதல் இழுப்பில் காரம் நாக்கைச் சுட்டது. அதற்கு அடியில் எங்கேயோ கொஞ்சம் இனிப்பும் இருந்தது. அது அவருக்குப் போதும்.

அவள் எதிரில் வந்து கம்பியில் சாய்ந்து நின்றாள். அவர் பக்கவாட்டில் ஊதினார்.

“இங்க ஊதுங்க.”

ஊதினார். அவள் கண்ணை மூடி இழுத்தாள், உதட்டைப் பிதுக்கினாள். ஒன்றுமில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. இதிலும் இல்லையென்றால் அவளிடம் என்ன சொல்வது என்று ஒரு பேச்சைத் தேடினார். மூன்றாவது வாய்ப் புகையைப் பெரிதாக இழுத்து மெல்ல விட்டார்.

அவள் மூக்கு சுருங்கியது. அப்புறம் நெற்றி, அப்புறம் முகம் முழுக்க.

“சீ!” என்றாள்.

“என்ன? என்ன வருது?”

“அதே நாத்தம்ங்க.” குரல் உடைந்தது. “அதே எழவு நாத்தம். கொஞ்சங்கூட மாறல.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. “போதும்மா, அணைச்சிடறேன்” என்று சாம்பல் கிண்ணத்தைத் தேடினார்.

“அணைச்சீங்கன்னா பாருங்க. ஊதுங்க. என் மூஞ்சியிலயே ஊதுங்க.”

அவர் ஊதினார். மற்றதெல்லாம் திரும்புமா, சோப்பும் எலுமிச்சையும் வக்கீல் வீட்டுப் பாலும் வருமா என்று இரண்டு பேருக்கும் தெரியாது. சாம்பல் உதிர்ந்து மழைக்கோட்டில் விழுந்தது, அவர் தட்டிவிடவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய அவள் இருமிக்கொண்டே இருந்தாள். முகத்தை மட்டும் திருப்பவில்லை.