மீதி மாத்திரை

கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு ஹெலினா கையை எடுத்தாள். ஞானஸ்நானத்துக்குத் தைத்த வெள்ளை கவுன். அன்றைக்கு இதே பொத்தான் மாட்டவில்லை. தையல்காரனைத் திட்டித் தீர்த்து, முதுகில் ஊக்கு குத்தித்தான் மகள் ஷாரனைக் கோவிலுக்குத் தூக்கிப்போனார்கள். ஐந்து மாதத்தில் அப்படிக் கொழுகொழுவென்று இருந்தாள். இப்போது எட்டு மாதம். எல்லாப் பொத்தானையும் போட்டும் கவுன் தோளை விட்டு நழுவியது.

"ஊக்கு ஒண்ணு குடுங்க அண்ணி."

செலின் வளையலில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். ஹெலினாவின் கணவன் பாஸ்கலுக்கு அக்கா; குழந்தைக்கு ஞானத்தாயும் அவளேதான். காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள். பல் முளைக்கிற பேதி, ஆளை உருக்கிப்போட்டுவிட்டது, இப்போது நம் குழந்தை தேவதூதரோடு சேர்ந்த சம்மனசு, சம்மனசுக்கு அழக்கூடாது. சொல்லிச் சொல்லி அதில் ஒரு ராகமே வந்துவிட்டது. அந்த ராகத்தைக் கேட்கக் கேட்க ஹெலினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சவப்பெட்டியை மூடுவதற்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். வாய்தான் வரவில்லை.

வெள்ளானூரில் அவர்கள் வீட்டு வாசலில் இருந்த தெருக்குழாயைச் சுற்றி யாரோ பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போயிருந்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்த வெள்ளையை மிதித்துக்கொண்டுதான் எல்லோரும் உள்ளே வந்தார்கள். பாஸ்கல் வாசலில் நின்று, வண்டிக்காரனுக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

போன மாதம் முதல் தடவை பேதி வந்தபோது, நர்ஸ் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டோடு ஜிங்க் மாத்திரையும் கொடுத்திருந்தார். கரண்டியில் தாய்ப்பாலைப் பீய்ச்சி அதில் கரைத்துக் கொடு, பேதி நின்றாலும் நிறுத்தாதே, பதினாலு நாளும் கொடு, அப்போதுதான் வயிறு தேறும், மறுபடி சீக்கிரம் வராது என்று படித்துப் படித்துச் சொன்னார். நாலு நாளில் பேதி நின்றது. அன்றைக்குச் செலின் கரண்டியைப் பிடுங்கிக் கழுவப் போட்டாள்.

"பேதிதான் நின்னுபோச்சே. நின்ன வயித்துக்கு இன்னாத்துக்கு மாத்திரை? வயிறு கட்டிக்கினா யாரு பாக்கறது?"

பேதியை நிறுத்தும் மாத்திரை என்றே அவள் நினைத்தாள். ஹெலினாவும் எதிர்த்துப் பேசவில்லை. குழந்தை முகத்தைச் சுளித்து மேலெல்லாம் துப்புவதைத் தினமும் யார் பார்ப்பது? விட்டது தொல்லை என்றுதான் இருந்தது அவளுக்கு. மீதி மாத்திரையை, மகளுக்குப் பேதி என்று வந்து நின்ற பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் மதில் மேலாகக் கொடுத்துவிட்டாள்.

இரண்டாம் தடவை வந்தபோது செலின் வயிற்றில் மாதா கோவில் எண்ணெயைத் தடவினாள். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று, புகட்டுகிற பாலாடையை எடுத்து ஒளித்தும் வைத்தாள். கண் குழிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போன தடவை மாத்திரையை முழுதும் கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார்.

"முழுசா குடுத்தோம் டாக்டர்," என்று செலின் முந்திக்கொண்டாள்.

டாக்டர் ஹெலினாவைப் பார்த்தார். ஹெலினா தலையாட்டினாள். அந்தத் தலையை இப்போது சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது.

அஞ்சலை சாமந்தி மாலையோடு வந்தாள். இடுப்பில் மகள் ரேகா. ஷாரனைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நீ குடுத்த மாத்திரைதான்க்கா இவள தேத்துச்சு. பேதி நின்னும் வுடல நானு. பத்தாததுக்கு நர்சாண்ட வாங்கியாந்து பதினாலு நாளும் குடுத்தேன். உன் கொழந்தைக்கா இப்படி ஆவணும்?"

செபமாலையில் செலினின் விரல் நின்றது.

"நாங்க குடுக்கல அஞ்சலை," என்றாள் ஹெலினா. "நாலு நாள்ல நிறுத்திட்டோம். டாக்டராண்ட பொய் சொன்னோம்."

சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்கள் செலினைப் பார்த்தார்கள். செலின் எழுந்து வந்து ஹெலினாவின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"பெத்த வயிறு. இன்னா பேசறோம்னே தெரில அதுக்கு. யாராச்சும் ஒரு வாய் காப்பி குடுங்கம்மா."

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். பாவம் என்றாள் ஒருத்தி. காப்பி எடுத்துவர இன்னொருத்தி எழுந்தாள். செலினின் விரல் அடுத்த மணிக்கு நகர்ந்தது.

வண்டி வந்துவிட்டதென்று பாஸ்கல் உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னான். மாலையைப் போட அஞ்சலைக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. பழக்கத்தில் ரேகாவை ஹெலினாவிடம் நீட்டினாள். ஹெலினாவும் பழக்கத்தில் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தை நல்ல கனம்.