கூரைக்குப் போன மீன்சட்டி

மரக்காணத்துக்குப் பக்கத்தில், அரசாங்க உதவியில் சக்கரபாணி கட்டிய வீட்டின் கூரைக்குள் அறுபத்து நான்கு மண்சட்டிகள் இருக்கின்றன. அவற்றில் அறுபத்து மூன்று விலைக்கு வாங்கியவை.

யோசனை, திண்டிவனத்திலிருந்து வந்த பொறியாளர் காயத்ரியுடையது. கம்பிகளுக்கு நடுவே சட்டிகளைக் கவிழ்த்து வைத்துக் கான்கிரீட் போட்டால் சிமெண்ட் குறையும், வெயில் அவ்வளவாக இறங்காது என்றார். சக்கரபாணிக்குப் பிடித்துப்போனது. ஊரில் ஏசி வைத்த வீடு இருந்தது. சட்டி வைத்த வீடு இல்லை.

தளம் போட்ட அன்று ஒரு சட்டி உடைந்தது. கலவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நடுவுல நிறுத்துனா ஒட்டாதுண்ணே. ஜல்தியா ஒண்ணு குடு," என்றார் மேஸ்திரி கண்ணையன், சாரத்திலிருந்து.

சக்கரபாணி சுற்றிலும் பார்த்தான். பக்கத்தில் அவர்கள் குடியிருந்த பழைய குடிசை வாசலில் ஒரு சட்டி, கழுவிக் கவிழ்த்தபடி காய்ந்துகொண்டிருந்தது. அளவும் சரியாக இருந்தது.

வேலையாட்களுக்கு மீன்குழம்பு வைப்பதாக அவன் மனைவி வடிவு சொல்லியிருந்தாள். கடற்கரைக்குப் போய் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"இங்க கவுத்து வெச்ச மீன்சட்டி எங்கய்யா?"

சக்கரபாணி கையை மேலே தூக்கினான். சாமி கும்பிடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள்.

பதினோரு வருஷமாக மீனைத் தவிர வேறெதையும் பார்க்காத சட்டி அது. அதில் அவள் வெந்நீர்கூட வைத்ததில்லை. பக்கத்து வீட்டு சவுரியம்மாள் இரவல் கேட்டபோது, "வேணும்னா எங்க வூட்டுக்காரர இட்டுக்கினு போ," என்றவள்.

அன்றைக்கு ஆட்கள் பரோட்டா தின்றார்கள். வடிவு ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "சட்டி எறங்கட்டும். அப்பால நான் உள்ள வர்றேன்."

வீடு அவள் பெயரில். வாசலில் அவள் நிற்கும் போட்டோ அரசாங்க இணையதளத்தில் ஏறினால்தான் கடைசி ஒப்புதல். வேலை முடிந்து காயத்ரி போட்டோ எடுக்க வந்தபோது வடிவு குடிசையை விட்டு வெளியே வரவில்லை.

சக்கரபாணி பொறியாளரைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனான். கூரையில் வரிசையாகச் சிவப்பு வாய்கள், நடுவில் ஒன்று மட்டும் கன்னங்கரேலென்று. அதன் நேர்கீழே ஒரு பூனை அண்ணாந்து உட்கார்ந்திருந்தது.

"யாரோட பூனைங்க?"

"தெரியல மேடம். கூரைக்குக் குடுத்த முட்டு, பலகையெல்லாம் பிரிச்ச நாள்லேர்ந்து இங்கியே குந்திக்கினு இருக்குது. அந்தச் சட்டிய மட்டும் எடுக்க முடியுமா?"

"எடுக்கலாம். துண்டு துண்டாத்தான் வரும்."

"ஒடைக்கப்படாது," என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. வடிவுதான். "அது எந்த ரூமு?"

"பெட்ரூமு," என்றான் சக்கரபாணி.

"அடுப்ப அங்க வையி. நாம சமையக்கட்டுல படுத்துக்கலாம். அந்தச் சட்டி இல்லாம நான் கொழம்பு வெச்சதில்ல. மேலருந்தாவது பாத்துக்கினு இருக்கட்டும்."

"பிளான்ல இது படுக்கையறைங்கம்மா," என்றார் காயத்ரி.

"பிளான்ல என் சட்டி இருந்துச்சா மேடம்?"

காயத்ரி நிஜமாகவே பிளானை விரித்துப் பார்த்தார். சட்டி அறுபத்து நான்கு என்று இருந்தது. யாருடையது என்று இல்லை. மடித்துப் பையில் வைத்துவிட்டு, "வாசல்ல வந்து நில்லுங்க," என்றார்.

போட்டோ ஏறியது. கேஸ் அடுப்பைக் கருப்புச் சட்டிக்குக் கீழே இழுத்து வைத்து, வடிவு பால் காய்ச்சினாள். பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் பாலைப் பார்த்தார்கள். பூனை மட்டும் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.