மாதுளைச் சாறும் இருநூற்றுப் பத்துப் படிகளும்

துறைமுகத்துக் கிரேன்காரருக்கு இருபத்தோரு வருட சர்வீஸ். தினமும் இருநூற்றுப் பத்துப் படி ஏறி, உச்சியிலிருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்தால்தான் அவருக்கு நிம்மதி. கீழே இருந்தால் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளாது. அப்படிப்பட்டவரை, வருடாந்திரப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் எகிறியிருக்கிறது என்று சொல்லி, மூன்று மாதம் மேலே ஏறக் கூடாது என்று வாசல் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். வருகிற போகிற லாரிகளுக்குத் தடுப்புக் கட்டையைத் தூக்கி இறக்குவதுதான் வேலை.

செய்தி கேட்டதும் மனைவியின் அண்ணன் ஒரு கூடை மாதுளையோடு ஓடி வந்தார். கடைத்தெரு முனையில் ஜூஸ் கடை வைத்திருப்பவர்.

"மாப்ள, எங்கப்பா காலத்துல இருந்து நெஞ்சுக்குன்னு பிழிஞ்சு குடுக்குற சாறு இது. மாத்திரையத் தூக்கிக் கடாசுங்க. பதினஞ்சே நாள்ல இரும்பு மாதிரி ஆயிடுவீங்க."

"மாத்திரை மேல கை வெச்சா தெரியும் சேதி" என்றாள் மனைவி அடுக்களையிலிருந்து. "அண்ணே, சாறு குடு, வேணாங்கல. வைத்தியம் பண்ணாத."

பழத்தைக் குறுக்கே வெட்டி, மரக்கரண்டியால் முதுகில் தட்டி முத்துகளை உதிர்த்து, துணியில் கட்டிக் கையாலேயே முறுக்கிப் பிழிந்தார் மச்சான். கடைசியில் மூன்று கரண்டி சர்க்கரை. கிரேன்காரர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சப்புக்கொட்டினார்.

மறுவாரம் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது மச்சானும் தொற்றிக்கொண்டார். தன் சாற்றை டாக்டர் வாயாலேயே நாலு வார்த்தை புகழ்ந்து கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"மாதுளைச் சாறு நல்லதுதான்" என்றார் டாக்டரம்மா. "ரத்த அழுத்தத்தக் கொஞ்சம் கொறைக்க உதவலாம். சின்ன டம்ளர்ல ஒண்ணு போதும். ஆனா மாத்திரைய நிறுத்தக் கூடாது. சர்க்கரை ஒரு பொட்டுகூட வேணாம்."

மச்சானின் முகம் சுண்டிப்போனது. "சர்க்கரை இல்லாம எப்படிங்க? அது எங்கப்பா பக்குவம்."

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஒரு நாளைக்கு எத்தன டம்ளர் குடிப்பீங்க?"

"சும்மா ருசி பாக்கத்தான். ஒரு பத்து, பன்னெண்டு."

"கைய நீட்டுங்க."

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கையை இறுக்கிப் பிடித்துத் தளர்ந்தது. மாப்பிள்ளையைவிட மச்சானுக்குப் பதினைந்து அதிகம். கிரேன்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மச்சானோ தன் கையையே யாரோ மூன்றாம் மனிதனின் கைபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து இருவரும் விடியற்காலையில் சேர்ந்தே நடந்தார்கள். நடை பழச்சந்தையில் போய் முடியும். அங்கே மச்சான் ஒவ்வொரு பழத்தையும் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, கல்போலக் கனப்பதை மட்டும் எடுப்பார். இனிப்புப் பழம் இரண்டுக்குப் புளிப்புப் பழம் ஒன்று சேர்த்தால் சர்க்கரை தேவையே இல்லை என்று பத்தாம் நாள் கண்டுபிடித்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வீட்டில் மனைவி இருவருக்கும் சேர்த்தே சமைத்து, உப்பைப் பாதியாக்கினாள். முதல் வாரம் இருவரும் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். பிறகு நாக்கு வழிக்கு வந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது கிரேன்காரருக்கு நூற்று இருபத்தெட்டு. மச்சானுக்கும் பாதி தூரம் இறங்கியிருந்தது.

"அப்ப என் சாறுதானே டாக்டர்?"

"மாத்திரை, நடை, உப்பு, சாறு, நாலும் சேந்து இழுத்த வண்டி. எது எவ்வளவு இழுத்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"நாலுல ஒண்ணு நான். அது போதும்" என்றார் மச்சான்.

"உப்பு நான்" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

திங்கட்கிழமை காலை கிரேன்காரர் படியேறினார். நடுவில் ஒரே ஒரு தடவை நின்றார். அதுவும் களைப்பில் அல்ல, கடலைப் பார்க்க. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து நெம்புகோலைப் பிடித்ததும் கண் லேசாகக் கலங்கியது. கீழே மூன்று கப்பல்கள் காத்திருந்தன. முதல் பெட்டி அலுங்காமல் குலுங்காமல் மேலே எழும்பியது.