வீட்டில் இருக்கிற பிள்ளைகள்

மர ஆலையை மூடியதும் ஊர் பாதி காலி. இளவட்டமெல்லாம் பெண்டாட்டி பிள்ளைகளோடு நகரத்துக்கு மூட்டை கட்டிவிட்டது. மிச்சம் யார்? முட்டிவலியும் பென்ஷனுமாக வயசானவர்கள்; அப்புறம் கோழிப்பண்ணைக்குப் பிழைக்க வந்த வெளியூர்க் குடும்பங்கள். பத்துப் பிள்ளையாவது சேராவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு என்று மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது. இருந்த ஒரே டீச்சரோ ஊருக்குப் புதுசு. பண்ணைக் குடியிருப்பில் நாலு பிள்ளைகள்தான் தேறின. மீதிக்கு வீடு வீடாக லோலோவென்று அலைந்தாள்.

போன இடமெல்லாம் ராஜ உபசாரம். டீ, பிஸ்கட், மின்விசிறிக்கு நேரே நாற்காலி.

"பேரப்பசங்க இருக்காங்களாய்யா?" என்றாள், ஆலையில் ஃபோர்மேனாக இருந்தவரிடம்.

"இல்லாம? ரெண்டு வாலுங்க! வீட்டை ரெண்டாக்கிடும். இந்த வருஷம் இங்கதான் சேர்க்கறோம். இன்னொரு டீ குடிங்கம்மா, என்ன அவசரம்?"

கொடியில் குட்டிச்சட்டை இல்லை, சுவரில் ஒரு கிறுக்கல் இல்லை. டீச்சர் கவனித்தாளா? எங்கே! கணக்கு பத்தைத் தாண்டிய சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. அந்த ஊரில் பிழைக்கப் போனவரைப் போனவர் என்று யாரும் சொல்வதில்லை. எத்தனை வருஷமானாலும் வீட்டில் இருப்பதாகத்தான் பேச்சு. அது பொய் என்று அவர்களுக்கே தோன்றாது. பாவம், இதை அவளுக்கு யார் சொல்வது?

பள்ளி திறந்த அன்று பண்ணைப் பிள்ளைகள் நால்வர் மட்டும் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தேய்த்த சட்டையோடு ஃபோர்மேன் வந்து நின்றார்.

"பசங்களுக்குக் காய்ச்சல்மா. நாளைக்கு வந்துடுவாங்க."

பின்னாலேயே தையல்காரம்மா. "எம் பேத்தி இன்னும் எந்திரிக்கல டீச்சர்." அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், ஆளுக்கொரு சாக்கோடு.

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "விளையாடறீங்களா? ஸ்கூலை மூடிடுவாங்க. இந்த நாலும் எங்கய்யா போகும்?"

ஃபோர்மேன் காலிப் பெஞ்சைத் தடவினார். "வர்றேன்னுதாம்மா எம் மகன் போன்ல சொன்னான். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொல்றான்."

கோபம் போன இடம் தெரியவில்லை. அன்று சாயங்காலம், நாலே பிள்ளைகள் என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டு அறைக்கு வந்தாள். தூரத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டாள். அடுத்த மாசம் வர்றேன், அடுத்த மாசம் வர்றேன் என்றே மூன்று வருஷத்தை ஓட்டியிருந்தாள்.

"அம்மா, நான் எங்கன்னு யாராவது கேட்டா என்ன சொல்வே?"

"இதென்னடி கேள்வி? ஸ்கூலுக்குப் போயிருக்கா, சாயங்காலம் வந்துடுவான்னு சொல்வேன்."