போர்டுக்கு முன்னால் அம்மா நடந்தது

அம்மா தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மெடிக்கல் போர்டுக்குப் போறோம்மா. கல்யாண வீட்டுக்கு இல்ல."

"டாக்டருங்க முன்னால கந்தலா நிக்கச் சொல்றியா? படிச்ச புள்ளையோட அம்மா மாதிரி வர வேணாமா?"

செலண்டார் பக்கத்து எஸ்டேட்டில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கப் போகிற வழியில், தொண்ணூற்றேழில், டிராக்டர் வண்டியிலிருந்து விழுந்து அம்மாவுக்கு வலது இடுப்பு உடைந்தது. ஆணி வைத்து எலும்பு கூடிவிட்டது. வெளிப்பக்கத் தசைதான் திரும்பவேயில்லை. இனி தோட்டத்தில் இறங்கிச் செய்யும் வெளிக்காட்டு வேலை கூடாது என்று போர்டு சொன்னால் உதவித்தொகை கிடைக்கும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை மறுபடி கோணிமூட்டை தூக்க வேண்டும்.

நான் பிசியோதெரபி படித்தவள். எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். மலாக்கா போகும்வரை பஸ்ஸில் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

"வீட்ல எப்படி நடப்பியோ அப்படியே நட. சாஞ்சு சாஞ்சு. மறைக்காத."

"சரி லா. எத்தன தடவ சொல்லுவ?"

அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். நடுவில் ஒரு மலாய்க்காரப் பெரியவர், பக்கத்தில் ஒரு சீனர், ஓரத்தில் இளைஞர் ஒருவர். சட்டையில் திலீபன் என்று பெயர் குத்தியிருந்தார். அம்மா நேராக அவரிடம் போனாள்.

"தம்பி நம்மாளா? எந்த ஊரு?"

"மெர்லிமாவ்ம்மா."

"அப்பா அம்மா அங்கதானா? இவ என் மக. புனிதா. டிகிரி."

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெரியவர் நடந்து காட்டச் சொன்னார். அம்மா நடந்தாள். நிமிர்ந்து, மேசை விளிம்பில் விரல் நுனி உரச, சின்னச் சின்ன அடியாக, பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொண்டுபோகிறவளைப் போல நடந்தாள். வலிக்கிறதா என்று மலாயில் கேட்டார். "தா சாக்கிட், துவான்," என்று சிரித்தாள். வலியே இல்லையாம். நொண்டியின் மகளை எவன் கட்டுவான் என்பது அவள் கணக்கு. பெரியவர் பேனாவை மூடினார்.

ஒரு காலில் நிற்கும்போது உடம்பின் பாரமெல்லாம் இடுப்பு மூட்டுக்கு உட்பக்கம் தொங்கும். வெளிப்பக்கத் தசை அதைத் தனியாக இழுத்துப் பிடிக்க வேண்டும். சீசாப் பலகையின் ஒரு முனையில் குண்டன், மறுபக்கம் நடுவுக்குக் கிட்டே ஒல்லி. ஒல்லி இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தினால்தான் பலகை நேராக நிற்கும். ஒல்லிக்குத் தெம்பு இல்லையென்றால் ஆள் தன் உடம்பையே அடிபட்ட பக்கம் சாய்த்து, குண்டனை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். அம்மா வீட்டில் சாய்ந்து நடப்பது அதனால்தான். இங்கே மேசை தாங்கியது, மிச்சத்தைச் சேலை மூடியது.

ஒற்றைக் காலில் நிற்கவைத்துப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுந்தேன். டாக்டர்களுக்கு முதுகு தெரிய அம்மாவைத் திருப்பினேன்.

"இடது காலத் தூக்கும்மா."

"என்னடி இது, இங்கயா?"

"தூக்கு."

பக்கத்தில் முட்டி போட்டு, சேலையை ஒதுக்கி, உள்பாவாடைக்கு மேலாக இரண்டு இடுப்பெலும்பிலும் விரல் வைத்தேன். வகுப்பில் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டில் வைத்த மாதிரியே. இடது விரல் இறங்கியது. "பார்த்தீர்களா, தொங்குகிறது. வலது தசை வேலை செய்யவில்லை." கையை எடுத்து, காற்றில் கோடு போட்டுக் காட்டினேன். என் ஆங்கிலம் நன்றாக இருந்தது. அம்மாவின் கால் நடுங்குவதை நான் பார்க்கவில்லை. அவள் சரிந்தபோது மேசையைச் சுற்றி ஓடிவந்து பிடித்தது திலீபன்.

அம்மா உட்கார்ந்து சேலையைப் பாதம்வரை இழுத்துவிட்டாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. போதும், வெளிக்காட்டு வேலை இனி கூடாது என்றே எழுதுகிறேன் என்றார் பெரியவர். நான் ஜெயித்துவிட்டேன்.

பஸ் ஸ்டேஷன்வரை அம்மா எதையும் மறைக்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் உடம்பு வலப்பக்கம் போய் வந்தது. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளை விட்டு முன்னால் நடந்துகொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. இத்தனைக்கும் இப்படி நடக்கச் சொன்னவள் நான்.

பெஞ்சில் உட்கார்ந்ததும், "இனிமே வேலைக்குப் போவ வேணாமா?" என்றாள்.

"வேணாம்மா."

"நல்லது." வலது தொடையைத் தேய்த்துக்கொண்டாள். "அந்தத் தம்பி டக்குனு வந்து புடிச்சிட்டாரு. நல்ல புள்ள."

அவள் குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அது எனக்கு வரும்.

"வலிச்சிச்சாம்மா?"

"வலி கெடக்கு. உன் கைதான் சில்லுனு இருந்துச்சு."

செலண்டார் பஸ் வந்தது. படி உயரம். நல்ல காலை முதலில் வை என்று பாடம் வாய்வரை வந்தது, விழுங்கினேன். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். அம்மா கம்பியைப் பற்றிக்கொண்டு, திரும்பாமல், "புடி," என்றாள்.

மூன்று ஆண்கள் முன்னால் கூசாமல் தொட்ட இடுப்பில் கை வைக்க இப்போது கூசியது. வைத்தேன்.