நாற்காலியை இறக்கியவள்

1

இந்தக் கதை என் கீழ்க் கடைவாய்ப் பல்லில் பிறந்தது. பல் மருத்துவக் கல்லூரியில், கடைசி வருட மாணவி ஒருத்தி கையுறை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "டாக்டர் எப்பம்மா வருவார்?" என்று அவளிடமே கேட்டேன். (இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டேன். இருக்கட்டும், என் அசட்டுத்தனம் உங்களுக்கும் தெரியட்டும்.)

2

முதல் தொடக்கம்: 'அவள் கண்களில் நீர் முட்டி...'

முட்டவில்லை. அழவைத்தால் எனக்கு எழுத வசதி, அவ்வளவுதான்.

மேற்படிப்புக்கு எந்தத் துறை என்று எழுதித் தரவேண்டிய படிவம் அவளிடம் இருந்தது. அன்று ஐந்து மணிதான் கெடு. அவள் கேட்டது தாடை அறுவை சிகிச்சை. துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா தாடையோட மல்லுக்கட்டு? கை வலு வேணும். குழந்தைங்க பல்லப் பாரு, கம்பி கட்டு," என்றார் அவர், திறந்திருந்த என் வாய்க்கு மேலேயே.

"அஞ்சு மணிக்கு வீடு திரும்புற வேலையாப் பாருடி," என்று அம்மா காலையில் சொல்லியிருந்தாள். (இது என் கற்பனை. ஆனால் சொல்லாத அம்மா யார்?)

3

ஊசி போட்டு மரத்ததும் இடுக்கியால் பல்லைப் பிடித்தாள். தோள் காதுவரை ஏறியது. பல் அசையவில்லை.

"பாத்தியா?" என்றார் தலைவர்.

அவள் இடுக்கியை எடுத்துவிட்டு, காலடியில் இருந்த விசையை மிதித்தாள். நாற்காலி என்னையும் சேர்த்துக் கீழே இறங்கியது. என் வாய் அவள் முழங்கை மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இது எங்க வகுப்பு நெட்டையன் உசரத்துக்கு வெச்சது, சார். நாலு வருஷமா இத வெச்சுத்தான் பொண்ணுங்களுக்கு வலு இல்லன்னு சொல்றீங்க."

கன்னப் பக்கம், நாக்குப் பக்கம் என்று பொறுமையாக அசைத்தாள். பல் வந்துவிட்டது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். எனக்கு எழுந்து நின்று 'சபாஷ்' என்று கத்தவேண்டும்போல் இருந்தது.

4

முடிவு அ: அவர் மனம் திருந்தி... (எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு ஆ: குழந்தைப் பல் துறையில் சேர்ந்து அவள் நிறைவாக... (அதுவும் நல்ல துறைதான். அவள் கேட்டது அதுவல்ல.)

முடிவு இ சொல்ல வாயெடுத்தேன். "அரை மணி நேரம் பஞ்சைக் கடிச்சுக்கிட்டு இருங்க. பேசக்கூடாது," என்றாள்.

முதல் விருப்பம், இரண்டாவது, மூன்றாவது என்று படிவத்தில் மூன்று கட்டங்கள். மூன்றிலும் தாடை அறுவை சிகிச்சை என்றே எழுதினாள். நாலேமுக்காலுக்குத் தலைவர் அறைக்கதவைத் தட்டிவிட்டு, பதில் வருமுன்னே உள்ளே போனாள்.

அந்த அறையில், தலைவரின் நாற்காலியில், இப்போது நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். படிவம் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்து விழும்வரை அவள் நகரப்போவதில்லை.