நிலக்கரி யார்டில் இறக்கைகள்

துறைமுகத்து நிலக்கரி யார்டை மூடும்படி நீதிமன்றம் உத்தரவிட்ட அன்று சண்முகசுந்தரி ருமைஸாவைத்தான் சபித்தாள். கரித்தூள் கடலைக் கெடுக்கிறது என்று வழக்குப் போட்ட கடலோரப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் ருமைஸா; காயல்பட்டினத்துக்காரி, கடல் உயிரியல் படித்தவள். சுந்தரி கல்யாணமான நாளிலிருந்து அந்த யார்டில் கரி அள்ளியவள், ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தின் தலைவி. யார்டு மூடியதும் சங்கத்துப் பெண்களில் பாதிப்பேர் உப்பளத்துக்குப் போனார்கள். மற்றவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் காற்றாலைக் கம்பெனி ஒன்று வந்தது. கப்பலில் ஏற்றும்வரை காற்றாலை இறக்கைகளை அடுக்கிவைக்க அதற்குப் பெரிய இடம் தேவைப்பட்டது. தருவைகுளத்துப் பக்கம் அலையாத்திக் காட்டை வெட்டி, மண் கொட்டி மேடாக்கத் திட்டம் போட்டார்கள். கம்பெனி மேலாளர் சுந்தரியைக் கூப்பிட்டனுப்பினார்.

"கருத்துக்கேட்புக் கூட்டத்துல உங்க சங்கம் எங்களுக்கு ஆதரவா பேசணும். உங்க ஆட்களுக்கு வேலை உண்டு."

"நிரந்தரமா சார்?"

"காண்ட்ராக்டர் மூலமாத்தான். ஆறு மாசத்துக்கு ஒருதடவை புதுப்பிப்போம்."

கேட்டுச் சொல்வதாக எழுந்துவந்தாள். கரி போய்க் காற்று வந்தும் காண்ட்ராக்டர் மட்டும் போகவில்லையே என்று பஸ்ஸில் வரும்போது எரிச்சலாக இருந்தது.

அந்த வாரமே ருமைஸா முத்தையாபுரத்துச் சங்க அலுவலகத்துக்கு வந்தாள். தருவைகுளத்து மீனவர் பெர்சியும் உடன் வந்திருந்தார். யாரும் நாற்காலி போடவில்லை.

"இன்னும் எத மூடணும்னு வந்தீய?" என்றாள் சுந்தரி.

"காத்தாலை வேண்டாம்னு சொல்ல வரலக்கா. அலையாத்திய வெட்ட வேண்டாம்னு சொல்லுதோம். எறா குஞ்சும் நண்டும் அங்கனதான் வளருது."

"எங்க பிள்ளையளும் அந்த யார்ட நம்பித்தான் வளந்துச்சு. மூடச் சொல்லும்போது எங்கள ஒரு வார்த்தை கேட்டியளா?"

"கேக்கல. கேட்டிருக்கணும்" என்றாள் ருமைஸா.

பெர்சி குறுக்கிட்டார். "யார்டு சும்மாதான கெடக்கு? இறக்கைய அங்கன கொண்டு வைக்கட்டும். வேலைய உங்களுக்கே குடுக்கச் சொல்லிச் சேந்து கேப்போம்."

"காண்ட்ராக்டர் இல்லாமயா? கம்பெனி ஒத்துக்கிடுமா?"

"நாம தனித்தனியா நின்னா ஒத்துக்கிடாது" என்றாள் ருமைஸா.

 சுந்தரி பக்கத்தில் நின்ற சங்கத்துப் பொன்செல்வியிடம், "ஏளா, ரெண்டு நாற்காலி எடுத்துப் போடு" என்றாள்.

அதன் பிறகும் எளிதாக இல்லை. கேஸ் போட்டவளோடு கூட்டா என்று சங்கத்தில் சண்டை வந்தது. அப்படிக் கேட்டவர்களை பெர்சி தன் வள்ளத்தில் ஏற்றி அலையாத்திக்குள் கூட்டிப்போனார். ருமைஸாவின் குழுவினர் முத்தையாபுரத்து வீடுகளுக்கு வந்து, வேலை போனவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். என்னென்ன கேட்பது என்பதை இரு தரப்பும் சேர்ந்தே முடிவு செய்தன.

கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அடிதடி வரும் என்று போலீஸ் சங்கத்தாருக்கும் மீனவர்களுக்கும் நடுவில் கயிறு கட்டியிருந்தது. பெண்கள் கயிற்றுக்கடியில் குனிந்து போய், இரண்டு பக்கமும் கலந்து உட்கார்ந்தார்கள். மேலாளரின் முகம் மாறியது.

முதலில் சங்கத்தை அழைத்தார்கள். சுந்தரி மைக்கைப் பிடித்தாள். "அலையாத்தியில கை வச்சா எங்க சங்கத்துல ஒரு ஆளுகூட வேலைக்கு வர மாட்டோம். பழைய யார்டுக்கு வாங்க, உழைக்கோம்."

அடுத்துப் பேசிய ருமைஸா மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "யார்டு மூடி வேலை போனவங்களுக்குப் பயிற்சி குடுத்து, கம்பெனியே நேரடியா நிரந்தர வேலையில எடுக்கணும். அது இல்லாம இந்தத் திட்டத்தைப் பசுமைத் திட்டம்னு நாங்க ஒத்துக்க மாட்டோம்."

கலெக்டர் குழம்பிப்போய், "நீங்க ரெண்டு பேரும் எந்தத் தரப்பு?" என்று கேட்டார்.

"ஒரே தரப்புதான் சார்" என்றாள் சுந்தரி. மண்டபம் சிரித்தது, பிறகு நெடுநேரம் கை தட்டியது.

யார்டின் தரை பாரம் தாங்காது என்றது கம்பெனி. அரசுப் பொறியாளர்கள் சோதித்து, தாங்கும் என்றார்கள். நிரந்தர வேலைக்கு வழியில்லை என்று சில மாதம் இழுத்தது. மீனவர்களும் தொழிலாளர்களும் அதன் வாசலில் முறைவைத்து உட்கார்ந்தார்கள். அலையாத்தியை வெட்ட அனுமதி கிடைக்காது என்று தெரிந்ததும் கம்பெனி இறங்கிவந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நேரடி நிரந்தர வேலையோடு பிரசவ விடுப்பும் வைப்புநிதியும் அதில் இருந்தன.

முதல் இறக்கை யார்டுக்கு வந்த காலையில், பயிற்சி முடித்த சுந்தரி மஞ்சள் ஹெல்மெட்டோடு, சைகை காட்டக் கிரேனுக்கு முன்னால் நின்றாள். அவள் கை உயர்ந்ததும் அந்த நீண்ட வெள்ளை இறக்கை லாரியிலிருந்து மெல்ல எழும்பியது. இறக்கையின் நுனியில் கட்டிய கயிற்றைப் பிடித்திருந்த பொன்செல்வி அதை ஆடாமல் திருப்பினாள். அது ஒரு கீறல் இல்லாமல் தரையில் உட்கார்ந்தது.

வேலிக்கு வெளியே பெர்சியின் ஆட்கள் விசிலடித்தார்கள். ருமைஸா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினாள்.  அதற்குள் அடுத்த லாரி வாசலுக்குள் நுழைந்துவிட்டது; சுந்தரி மறுபடி கையை உயர்த்தினாள்.